வைதால் தீருமா இந்த வியாதி?

நடுவர் அவர்களே! கலசப்பாக்கத்துப் பெரியோர்களே! சவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "குடிக்கிறவனுக்கு ரோஷம் வந்தா நாளைக்கே விட்டுடுவான்" என்றார். ஐயா, அவனுக்கா ரோஷம் இல்லை? 'யாரைப் பார்த்துடா குடிகாரன்னு சொன்னே'ன்னு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சண்டைக்கு வர்றவனே அவன்தானே! (சிரிப்பு) ரோஷம் இருக்கு. மூளைதான் அவன் வசத்தில் இல்லை.

மூளையிலே டோபமின் என்று ஒரு ரசாயனம். 'இது நல்லது, மறுபடியும் தேடு' என்று கற்றுக்கொடுப்பது அதன் வேலை. சாராயம் அதை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கிறது. நாளாக நாளாகக் குடியில் கிடைக்கிற சந்தோஷம் குறையும். தேடுகிற வெறி மட்டும் கூடும். சாயங்காலம் ஆனாலே மனசு இழுக்கும். சவ்வாது மலையில் பெய்த மழை யாரைக் கேட்டுக்கொண்டு செய்யாற்றுக்கு வருகிறது? பழகிய தடம், இறங்கி வருகிறது. மூளையிலும் அப்படி ஒரு தடம் விழுந்துவிடுகிறது.

சரி, செல்போனில் ரம்மி ஆடி நிலத்தை இழந்தானே, அவன் எதைக் குடித்தான்? 'அடுத்த ஆட்டம் எனக்குத்தான்' என்கிற எதிர்பார்ப்பே அங்கே போதை! அதனால்தான் 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் சூதாட்ட நோயையும் மதுவோடு ஒரே பிரிவில் சேர்த்தது.

பயமுறுத்தினால் திருந்துவான் என்கிறீர்களா? 2023 மே மாதம் மரக்காணத்தில் விஷச்சாராயச் சாவு. ஊரெல்லாம் பார்த்தது. அந்தப் பயம் காப்பாற்றியிருந்தால், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர் போயிருக்குமா?

தாய்மார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். வருஷக்கணக்கில் தினமும் குடிக்கிறவரை அறையில் பூட்டி, 'இன்னையோட விடு' என்று சொல்லாதீர்கள். மது, மூளைக்குப் பிரேக் போடுகிறது. அதை ஈடுகட்ட மூளை ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பழகிவிடுகிறது. திடீரென்று பிரேக்கை எடுத்தால்? கை நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் பிதற்றல். உயிரே போகலாம். சாமிக்குக் கயிறு கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டுங்கள்! (கைதட்டல்)

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். மருந்து மட்டுமா? நோயாளிக்கு ஆலோசனை, குடும்பத்துக்கும் ஆலோசனை, வீடு திரும்பிய பிறகும் தொடர்ந்து கவனிப்பு. 1992-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

சிகிச்சைக்குப் பின் மறுபடி ஒருநாள் சறுக்கலாம். சர்க்கரை ஏறினால் நோயாளியைத் துரத்துகிறோமா? திரும்ப மருத்துவமனைக்குத்தானே கூட்டிப்போகிறோம்? பழைய தடம் தூர்ந்து புதுக் கால்வாய் ஓட நாளாகும். வெட்ட வேண்டியது அவர். மண்வெட்டி எடுத்துக் கொடுக்க வேண்டியது நாம்.

ஆகவே நடுவர் அவர்களே, குடிநோயாளிக்குத் தேவை வசவு அல்ல, வைத்தியமே என்று தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு அமர்கிறேன்.