திடலும் ஒரு வகுப்பறையே



“பந்து விளையாடினால் சோறு கிடைக்குமா?” என்று நம் பிள்ளைகளைக் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஒருவரின் வாழ்க்கையிலேயே அதற்கு விடை தேடுவோம்.

அமோஸ் அலோன்சோ ஸ்டாக் 1862ஆம் ஆண்டு அமெரிக்காவில், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். வறுமையோடு போராடி யேல் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே பேஸ்பால் ஆட்டத்தில் புகழ் பெற்றார். தொழில்முறைக் குழுக்கள் பணம் தந்து அழைத்தன. அவர் மறுத்து, படிப்பைத் தொடர்ந்தார். சமயபோதகராக விரும்பினார், மேடைப்பேச்சு கைகூடவில்லை. திடலிலேயே இளைஞர்களை நல்வழிப்படுத்துவோம் என்று துணிந்தார்.

1892இல் சிகாகோ பல்கலைக்கழகம் அவரை ஆசிரியர் பதவியிலேயே அமர்த்தியது. அமெரிக்கக் காற்பந்து நம் காற்பந்து அன்று. பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டம். அதற்கு 41 பருவங்கள் பயிற்சி தந்தார். பேஸ்பால், கூடைப்பந்து, ஓட்டப்பந்தயம் ஆகியவற்றையும் கற்பித்தார்.

எழுபது வயதானதும் ஓய்வு பெறச் சொன்னார்கள். அவர் கலிபோர்னியாவில் பசிபிக் கல்லூரிக்குச் சென்று மேலும் 14 ஆண்டுகள் பணியாற்றினார். 1943இல், 81ஆம் வயதில், ஆண்டின் சிறந்த பயிற்றுநராகத் தேர்வு பெற்றார். 1965இல், 102ஆம் வயதில் மறைந்தார்.

பந்து அவருக்குச் சோறு போட்டது. ஆனால் படிப்பு அதற்குத் துணை நின்றது. ஆகவே பெற்றோர்களே, வீட்டுப்பாடம் முடித்துத் திடலுக்குப் போகும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். தம்பி தங்கைகளே, பந்தை எடுக்கும் கை புத்தகத்தைக் கைவிட வேண்டாம்.