நீந்தியது யார்?

(நம் குடியிருப்பின் விளையாட்டு நாள் நிறைவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பரிசளிப்புக்கு முன்னால் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். சாப்பாடு தயாராக இருக்கிறது, அதனால் நேரத்தைத் தாண்ட மாட்டேன்.

இன்று காலை நீச்சல் குளத்தருகே ஒரு பையன் தன் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "அவன் போட்டிருக்கிற ஸ்விம் சூட் எனக்கும் இருந்தா நான்தான் ஜெயிச்சிருப்பேம்மா." சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது, உலக சாம்பியன்கள் மட்டத்திலேயே இந்த வழக்கு நடந்திருக்கிறது.

2009-ல் ரோம் நகரில் உலக நீச்சல் போட்டி. பாலியூரித்தேன் என்ற, ரப்பர் போன்ற பொருளில் செய்த முழுநீள உடைகள் அப்போது வந்திருந்தன. அவை உடம்பை இறுக்கிப் பிடிக்கும். தண்ணீரில் சற்று உயர்த்தி மிதக்க வைக்கும். அந்த ஒரே தொடரில் 43 உலக சாதனைகள்!

200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஜெர்மனியின் பால் பீடர்மான், மைக்கேல் ஃபெல்ப்ஸைத் தோற்கடித்தார். முந்தைய ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதே பந்தயத்தில் பீடர்மான் ஐந்தாவது. எடுத்துக்கொண்டது 1 நிமிடம் 46 விநாடி. ரோமில் 1 நிமிடம் 42 விநாடி. ஃபெல்ப்ஸ் அணிந்திருந்ததும் நவீன உடைதான், ஆனால் போன வருட மாடல்.

இதில் நஷ்டம் ஃபெல்ப்ஸுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பீடர்மானுக்கும்தான். அவருடைய பயிற்சியைவிட உடையைப் பற்றித்தான் ஊரே பேசியது. உடைக்கும் பங்கு உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். உலக சாதனை படைத்தவருக்கே, அது முழுக்கத் தன்னுடையது என்று சொல்ல முடியவில்லை.

2010 ஜனவரி 1 முதல் அந்த உடைகளுக்குத் தடை. துணியாலான உடைதான், ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை மட்டும். 2011-ல் ஷாங்காயில் இருவரும் மறுபடி மோதினார்கள். ஃபெல்ப்ஸுக்கு வெள்ளி, வெறும் 0.09 விநாடி பின்னால் பீடர்மானுக்கு வெண்கலம். அந்த வெண்கலத்தை யாரும் சந்தேகிக்கவில்லை.

தொழில்நுட்பமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெய்ஜிங்கில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் ஃபெல்ப்ஸ் ஜெயித்தது 0.01 விநாடியில். மின்னணுக் கருவி இல்லாவிட்டால் அதை யார் கண்டுபிடிப்பது? நேரத்தை அளக்க இயந்திரம் வரட்டும். நமக்காக நீந்த வரும்போதுதான் கோடு போட வேண்டும். மாரத்தான் ஷூவுக்கும் 2020-ல் அப்படித்தான் கோடு போட்டார்கள்: அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது.

இன்று ஜெயித்த பையனை நான் தினமும் காலை ஆறு மணிக்குக் குளத்தில் பார்க்கிறேன். "சூட்டால் ஜெயித்தான்" என்று ஒரு பேச்சு வந்தால் அந்த உழைப்புக்கு அநியாயம். அதனால் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி சாதாரண நீச்சல் உடை என்று விதி வையுங்கள்.

தம்பி, இரண்டாவதாக வந்தாயே, இன்றைய உன் நேரத்தை எழுதி வைத்துக்கொள். அது முழுக்க உன்னுடையது. அடுத்த வருடம் அதைத் தாண்டிக் காட்டு.

வாருங்கள், பரிசளிப்புக்குப் போவோம்.