ரோலை ஆலை மூடியபோது

ஐரோப்பாவில் ஓர் ஆலை மூடினால் நமக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் பிரசல்ஸ் நகரில் ஆவ்டி கார் ஆலை மூடப்பட்டு ஏறக்குறைய 3,000 பேர் வேலையிழந்தபோது, தேக்காவில் யாருடைய தேநீரும் ஆறிப்போகவில்லை.

ஆனால் 1981-ஐ மறக்கலாமா? ஜெர்மனியின் ரோலை கேமரா நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் குறைந்த சம்பளத்தைத் தேடிச் சிங்கப்பூருக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் 'ரோலை 35' கேமராவை நம்மவர்கள் இங்கேயே செய்தார்கள். அந்த நுட்பம் எளிதல்ல. ஜப்பானியக் கேமராக்களின் போட்டியில் தாய் நிறுவனம் நொடித்தது. இங்கே ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஆள் பற்றாக்குறைக் காலம் என்பதால் பலருக்கு வேறு ஆலைகளில் இடம் கிடைத்தது.

இன்று 50 வயதில் ஆட்குறைப்புக்கு ஆளாகும் ஒருவருக்கு அப்படிக் கிடைக்குமா? இழப்பீடு இவ்வளவு தரவேண்டும் என்று நம் சட்டம் தொகை எதுவும் சொல்லவில்லை. வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பேச்சு. 2025 ஏப்ரலில் வந்த அரசாங்கத் திட்டம், தகுதியுள்ளவர்களுக்கு ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை தருகிறது. நல்ல தொடக்கம். போதுமா என்பது வேறு கேள்வி.

அரங்கில் இருப்பவர்களையே முதலில் கேட்கிறேன். உங்கள் ஒப்பந்தத்தில் ஆட்குறைப்பு இழப்பீடு பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? படித்துப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்.