தூரமும் நேரமும்



திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள சீனன்குடா விமான நிலையத்திற்கும் மட்டக்களப்பு விமான நிலையத்திற்கும் இடையே, நேர்கோட்டில் ஏறக்குறைய 107 கிலோமீற்றர் தூரமுண்டு. மணிக்கு 250 கிலோமீற்றர் செல்லும் சிறு விமானம் அதனை அரைமணி நேரத்திற்குள் கடந்துவிடும்.

கரையோர வீதியில் செல்வோர்க்கோ களப்புகளும் மகாவலியின் கிளைகளும் குறுக்கிடும். அவ்வழியில் முதலில் எதிர்ப்படுவது கிண்ணியாத் துறை. பிணியுற்றோரும் அங்கே ‘பாதை’ எனப்படும் மிதவைக்காகக் காத்திருந்தனர். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. ஊர்கள் இடம்பெயரவில்லை, காத்திருப்பே ஒழிந்தது.

ஆகவே தூரத்தை அளக்க அளவுகோல் மட்டும் போதாது, கடிகாரமும் வேண்டும். வானில் விரைவோர் சிலர். தரையில் செல்வோர் பலர். அப்பலரின் நேரத்தைச் சுருக்குவதே உண்மையான முன்னேற்றமாகும்.