அணையாத அடுப்பு

2020 மார்ச் கடைசி. கொரோனா ஊரடங்கு. காரமடை ரங்கநாதர் கோயிலுக்குப் போக முடியாது. பள்ளிக்கூடம் இல்லை. மில் ஓடவில்லை. அடுப்பு மட்டும் அணையவில்லை.

எல்லாரும் வீட்டில். மூன்று வேளைச் சமையல் ஐந்து வேளையானது. மாமியாருக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி. எல்லாருக்கும் கபசுரக் குடிநீர். பையனுக்குச் செல்போனில் பாடம். அத்தனையும் ஒரே பெண்ணின் கையில். அந்தக் கைக்குக் கூலி இல்லைங்க.

அதற்கு முந்தைய ஆண்டுதான் மத்திய அரசு ஒரு கணக்கெடுத்தது. கூலியில்லாமல் வீட்டு வேலை பார்க்கும் பெண்களுக்கு அதிலேயே நாளுக்குச் சுமார் 5 மணி நேரம் போகிறது. வீட்டு வேலை பார்க்கும் ஆண்களுக்கோ ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஊரடங்குக்கு முந்தைய கணக்குங்க இது!

2023 செப்டம்பரில் தமிழக அரசு தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியது. அதன் பெயர் உதவித்தொகை இல்லைங்க. உரிமைத்தொகை.