நூற்றுக்கு 99.9! மிச்சம் எங்கே?



பள்ளிப் பிள்ளை நூற்றுக்கு 99.9 மதிப்பெண் வாங்கிவந்தால் தெருவெல்லாம் கற்கண்டு வழங்குவோம். தொலைபேசி நிறுவனம் அதே எண்ணைக் காட்டினால்? கொஞ்சம் பொறுங்கள்! ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதிலே 99.9 போக மிச்சம், ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம்! 99.999 என்றாலோ, மிச்சம் ஐந்தே கால் நிமிடம்தான். அந்த எட்டே முக்கால் மணி எப்போது வரும்? ஊர் உறங்கும்போதா, உயிர் ஊசலாடும்போதா? எண் சொல்லாது.

அமெரிக்காவிலே, 2024 பிப்ரவரி 22 அன்று, ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் அலைபேசிச் சேவை நின்றது. புயலா காரணம்? பூகம்பமா? இல்லை! வலையமைப்பிலே சேர்த்த கருவி ஒன்றைத் தவறாக அமைத்ததே காரணம். குறைந்தது 12 மணி நேரம். 9 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் தடைப்பட்டன. 911 எனும் ஆபத்துக்கால எண்ணுக்கான அழைப்புகள் மட்டும் 25,000-க்கு மேல்! அந்த 12 மணியை ஆண்டுக் கணக்கிலே கழித்துப் பாருங்கள், அப்போதும் 99.86 நிற்கிறது. மதிப்பெண் குறையவில்லை, மனிதன் குரல்தான் அடைபட்டது!

சரி, நிறுவனங்களை ஒப்பிட்டாவது பார்ப்போம் என்றால், கணக்கு அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையத்திடம் இருக்கிறது. அரைமணியாவது நீடித்த தடையிலே, தவித்தோர் தொகையை நிமிடங்களால் பெருக்கி 9 லட்சம் வந்தால், நிறுவனம் அறிவித்தாக வேண்டும் என்பது பொதுவிதி. 30,000 பேர் அரைமணி தவித்தால் கணக்கிலே ஏறும். 1,000 பேர் வாழும் சிற்றூர் பத்து மணி தவித்தால்? ஆறு லட்சம்தான், அவ்விதிப்படி ஏறாது! பேரூரின் முணுமுணுப்புக்கு ஏட்டிலே இடமுண்டு. சிற்றூரின் ஓலத்துக்கு இல்லை!

ஏறிய கணக்காவது மக்கள் கண்ணுக்குத் தெரிகிறதா? 2004-க்கு முன் கம்பித் தொலைபேசித் தடைகளின் அறிக்கைகளை எவரும் பார்க்க முடிந்தது. அவ்வாண்டு, நாட்டின் பாதுகாப்பைக் காரணங்காட்டிக் கதவு சாத்தப்பட்டது. பெருந்தடைக்கு விசாரணை அறிக்கை வெளிவரும். ஒவ்வொரு நிறுவனமும் தரும் கணக்கு வெளிவராது. பகைவன் பார்க்கக் கூடாது, நியாயம். பணம் கட்டுபவனும் பார்க்கக் கூடாதா?

ஆகவே தோழர்களே, எவர் சிறந்தவர் என்று எவரேனும் எண்ணைக் காட்டினால், மூன்றே கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேர் தவித்தார்கள்? எத்தனை நேரம்? ஆபத்திலே அழைத்தவர் எத்தனை பேருக்குப் பதில் கிடைக்கவில்லை? இவற்றை நிறுவனத்தின் பெயரோடு வெளியிடச் சொல்லுங்கள். கணக்கு மறைந்த இடத்திலே பொறுப்பும் மறையும். கணக்கு வெளிவந்தால்தான் ஒப்பீடு உண்மையாகும்!