பொதிகையைத் தேடிக் கிளம்பிய படகுகள்



ஜப்பானின் பழைய புத்தர் கோயில்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் ஒரு படகிலிருந்து தொடங்குகிறேன்.

ஜப்பானின் தென்கரையில் நாச்சி என்று ஓர் ஊர். பின்னால் மலை, அதிலிருந்து 133 மீட்டர் உயரத்துக்கு ஓர் அருவி விழுகிறது. முன்னால் பசிபிக் கடல். கரையை ஒட்டி ஒரு கோயில் இருக்கிறது, ஃபுதராகுசன்ஜி என்று பெயர். 9ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை இந்தக் கரையிலிருந்து துறவிகள் சிலர் ஒரு பயணம் போனார்கள். வாடைக்காற்று எழும் காலத்தில் சிறு படகு ஒன்றில் சன்னல் இல்லாத அறை கட்டுவார்கள். துறவி உள்ளே போய் உட்காருவார். முப்பது நாளைக்கு உணவும் விளக்குக்கு எண்ணெயும் வைத்து, வெளியிலிருந்து ஆணி அடித்துவிடுவார்கள். வேறு படகுகள் கொஞ்ச தூரம் இழுத்துச் சென்று, ஒரு குட்டித் தீவருகே கயிற்றை அறுத்துவிடும். அதற்கப்புறம் காற்றும் கடலும்தான்.

எங்கே போனார்கள்? தெற்கே. கருணையின் வடிவமான அவலோகிதேசுவரர், அவர்கள் கன்னோன் என்று வணங்குகிற போதிசத்துவர், குடியிருக்கும் மலையைத் தேடிப் போனார்கள். வடமொழி நூல்கள் அதைப் பொதலகம் என்கின்றன; ஜப்பானியர் நாவில் அது ஃபுதராகு. அந்த மலை இந்தியாவின் தென்கோடியில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அய்யா, அந்த மலை நம் பொதிகை என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். சென்னை ஆசியவியல் நிறுவனத்தில் இருந்து ஆராய்ந்த ஷு ஹிகோசாகா என்ற ஜப்பானியரே அதை விரிவாக எழுதியிருக்கிறார்.

போனவர்கள் எல்லாரும் மனமுவந்து போனார்கள் என்று நான் சொல்லமாட்டேன். 16ஆம் நூற்றாண்டில் கொங்கோபோ என்ற துறவி அறையை உடைத்துக்கொண்டு கரையேறினார் என்றும், அவரைப் பிடித்துத் திரும்பவும் கடலில் தள்ளினார்கள் என்றும் ஒரு செய்தி இருக்கிறது. அதன்பிறகு உயிரோடு அனுப்பும் வழக்கம் நின்று, இறந்த துறவியின் உடலை மட்டும் படகில் வைத்து அனுப்பினார்கள். நாம் பாபநாசத்தில் முங்கிக் குளித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிற மலைக்காக, உலகத்தின் மறுகோடியில் மனிதர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். இதை முதல்முறை படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பொதிகைதான் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? 7ஆம் நூற்றாண்டில் காஞ்சி வரை வந்த சீனத் துறவி யுவான் சுவாங், தெற்கே மலைகூடம் என்ற நாட்டைப் பற்றி எழுதி வைத்தார். கடல் முத்துக்கள் வந்து குவியும் நாடு, சந்தன மரங்கள் நிற்கும் மலயமலை, அதற்குக் கிழக்கே பொதலக மலை. ஏறும் பாதை ஆபத்தானது. உச்சியில் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு சுனை. அதிலிருந்து ஓர் ஆறு பிறந்து, மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கித் தென்கடலில் கலக்கிறது. முத்துக்குக் கொற்கை இருக்கிறது. சுனைக்குப் பூங்குளம் இருக்கிறது. அந்த ஆறு நம் தாமிரபரணி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புன்னைக்காயலில் அது கடலைத் தொடுகிறது. இன்னொன்றும் அவர் எழுதினார். மேலே ஏற முடியாதவர்கள் அடிவாரத்தில் நின்று வேண்டினால், அந்தப் போதிசத்துவர் சில நேரம் ஈசுவரனாகவும் சில நேரம் திருநீறு பூசிய பாசுபதத் துறவியாகவும் வந்து ஆறுதல் சொல்வாராம். அடிவாரத்தில் பாபநாசநாதர் கோயில் இருக்கிற சீமைக்காரர்கள் நாம். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட என்னிடம் கல்வெட்டு இல்லை. ஆனால் சிவனும் போதிசத்துவரும் ஒரே மலையில் சண்டையில்லாமல் இருந்ததாக ஒரு வெளிநாட்டுத் துறவி கேட்டு எழுதியிருக்கிறாரே, அதுவே எனக்குப் பெரிது.

தமிழிலும் இதற்குச் சாட்சி உண்டு. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் என்ற பௌத்தர் வீரசோழியம் என்ற இலக்கணம் செய்தார். நமக்கெல்லாம் தமிழ் தந்தவர் பொதிகைமலை அகத்தியர். அந்த அகத்தியருக்கே தமிழைச் சொல்லிக்கொடுத்தவர் அவலோகிதர் என்கிறது அந்த நூல். பிள்ளைகளே, இது உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறதா என்று நாளைக்குத் தமிழாசிரியரிடம் கேளுங்கள்.

சரி, இங்கே இருக்கிற மலை அங்கே எப்படித் தெரிந்தது? ஏடுகள் போயின, ஆட்களும் போனார்கள். வஜ்ரபோதி என்பவர் 671இல் பிறந்தவர். அவர் தென்னிந்தியாவின் மலய நாட்டுக்காரர், அவர் நாடு பொதலக மலைக்குப் பக்கம் என்று சீன வரலாற்று நூல் ஒன்று சொல்கிறது. இலங்கை வழியாகவும் ஸ்ரீவிஜயம் வழியாகவும் கப்பலேறி 719இல் சீனத்தின் குவாங்சௌ துறைமுகத்தில் இறங்கினார். அவருடைய மாணவர் அமோகவஜ்ரர். அமோகவஜ்ரரின் மாணவர் ஹுய்குவோ. 804இல் ஜப்பானிலிருந்து கடல் கடந்து வந்து, அந்த ஹுய்குவோவிடம் பாடம் கேட்டவர்தான் கூகாய். ஊர் திரும்பிய கூகாய் 816இல் கோயா மலையில் மடம் அமைத்தார். 823இல் கியோத்தோவின் தோஜி கோயில் அவர் பொறுப்புக்கு வந்தது. வரும்போது அவர் குருமார்களின் ஐந்து ஓவியங்களைக் கொண்டுவந்தார். அதில் ஒன்று வஜ்ரபோதியின் உருவம். இன்றைக்கும் தோஜியில் இருக்கிறது, நாட்டின் தேசியச் செல்வம் என்று அறிவித்துக் காக்கிறார்கள். நம் மலைப்பக்கத்து மனிதர் ஒருவரின் முகம் 1,200 ஆண்டுகளாக அங்கே வணங்கப்படுகிறது.

அதைவிட என்னை உருக வைப்பது நாரா நகரத்துக் கதை. அங்கே தோதாய்ஜி கோயிலில் சுமார் பதினைந்து மீட்டர் உயர வெண்கலப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். 752இல் அவருக்குக் கண் திறந்தார்கள். நம் சிற்பிகள் சிலைக்குக் கண் திறப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே சடங்கு. தூரிகை பிடித்துக் கண்மணி தீட்டியவர் போதிசேனர். 736இல் அங்கே போய்ச் சேர்ந்த தென்னிந்தியத் துறவி அவர். தூரிகையில் நீலநிற நூல்கயிறு ஒன்றைக் கட்டி நீளமாக விட்டிருந்தார்கள். கூடியிருந்தவர்கள் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கை எட்டாதவருக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு வேண்டுமென்ற எண்ணம். தேர் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் கிழவிகளுக்கு இது உடனே புரியும். அந்தத் தூரிகையும் கயிறும் இன்றும் அங்குள்ள ஷோசோயின் கருவூலத்தில் இருக்கின்றன. தோதாய்ஜி எந்த நூலை முதன்மையாகப் போற்றுகிறது தெரியுமா? அவதம்சக சூத்திரத்தை. சுதனன் என்ற இளைஞன் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசான்களைத் தேடி நடந்து, தெற்கே பொதலக மலையில் அவலோகிதரைக் காணும் கதை அதன் உள்ளே இருக்கிறது.

இவ்வளவு சொன்னதும் அந்தக் கோயில்களை எல்லாம் தமிழன்தான் கட்டினான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஜப்பானுக்குப் புத்தரைக் கொண்டுபோனது கொரியாவின் பெக்ஜே அரசு, 6ஆம் நூற்றாண்டின் நடுவில். முதல் கோயில்களைக் கட்டிக்கொடுத்த தச்சர்களும் அங்கிருந்து வந்தவர்கள். இளவரசர் ஷோதொகு எழுப்பிய ஹோர்யூஜியின் பழைய கட்டடங்கள், உலகத்தில் மிஞ்சியிருக்கும் மரக் கட்டடங்களிலேயே பழமையானவை. அது ஜப்பானியத் தச்சரின் உளிக்குக் கிடைத்த பெருமை. தோதாய்ஜி மண்டபம் 1180இல் போரில் எரிந்தது, கட்டினார்கள். 1567இல் மறுபடி எரிந்தது, மறுபடி கட்டினார்கள். இன்றிருப்பது 1709இல் எழுந்தது. நாம் கொடுத்தோம் என்று மார்தட்டுவதைவிட, அவர்கள் எப்படி வைத்துக் காப்பாற்றினார்கள் என்று பார்ப்பதுதான் நமக்கு வேண்டியது.

நாம் என்ன செய்தோம்? முதலாம் இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் விகாரம் எழுப்பினார்; சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்கு எழுதிவைத்தான். நாகப்பட்டினத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த பௌத்தச் செங்கல் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. வீரசோழியம் அழியாமல் நம் கைக்கு வந்ததற்கு, 1881இல் அதை அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளைக்கு நன்றி சொல்ல வேண்டும். மணிமேகலைக்கு உ. வே. சாமிநாதையர். பௌத்தமும் தமிழும் எழுதிய மயிலை சீனி. வேங்கடசாமி, நம் சாஸ்தா வழிபாட்டுக்குள் புத்தரின் நினைவு கலந்திருக்கிறது என்று வாதிட்டார். அதை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் பங்குனி உத்திரத்துக்குக் கற்குவேல் அய்யனாரைத் தேடித் தேரி மணலில் கால் சுட நடக்கிற நாம், அந்தக் கேள்வியைக் காதில் வாங்காமல் இருக்கக் கூடாது.

இனி நாம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தாமிரபரணி வெள்ளநீரைக் கருமேனியாற்றில் சேர்க்கக் கால்வாய் வெட்டினார்கள். பூங்குளத்துத் தண்ணீர் நம் சாத்தான்குளத்துக் குளங்களுக்கு வர வேண்டுமென்று எத்தனை ஆண்டு மனுக் கொடுத்தோம்! அதே தண்ணீரின் கதைக்காக இன்னும் ஒரே ஒரு மனுக் கொடுப்போம். பாபநாசம் படித்துறைக்கு வருகிறவர் கண்ணில் படும்படி ஒரு கல்பலகை வேண்டும். இந்த மலையைப் பற்றி யுவான் சுவாங் எழுதியதையும், புத்தமித்திரர் சொன்னதையும், நாச்சியிலிருந்து கிளம்பிய படகுகளையும் தமிழிலும் ஜப்பானிய மொழியிலும் அதில் செதுக்க வேண்டும். செலவு பெரிதல்ல. அரசு தயங்கினால் நம் ஊர்க் கடைத்தெருவே கொடுத்துவிடும், எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது.

மாவட்ட ஆட்சியருக்கான மனுவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கிறது. வாசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைகளும் போடலாம்.